தீட்டிய அரிசியும் தீட்டாத அரிசியும்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

அறுவடை முடிந்து நெல் காய்ந்தபின், குடியானவர் ஒருவர் மூட்டையை வண்டியில் ஏற்றி அரிசி மில்லுக்குக் கொண்டு செல்கிறார். நெல்லிலிருந்து அங்கே பிரிந்து வருபவை மூன்று: அரிசி, தவிடு, உமி. உமி அடுப்புக்கும் சூளைக்கும் போகிறது. தவிடு மாட்டுத் தொட்டிக்கோ எண்ணெய் ஆலைக்கோ போகிறது. அரிசி வீட்டுக்கு வருகிறது. வீட்டில் அதை இரண்டு மூன்று முறை கழுவி, கழுநீரையும் மாட்டுக்கு ஊற்றுகிறோம். சோறு வெந்தபின் கஞ்சியை வடிக்கிறோம். அநேக வீடுகளில் அதுவும் தொட்டிக்கே சேர்கிறது. எஞ்சிய வெண்சோற்றைக் குழந்தைகளுக்குப் பரிமாறுகிறோம்.

இவ்வாறு நெல்லின் சத்தை நாம் எந்த இடத்தில், எவ்வளவு இழக்கிறோம், அந்த நஷ்டத்தில் எவ்வளவைத் தடுக்கலாம், அதைத் தனி ஒருவர் செய்ய இயலாதபோது ஒரு சங்கம் எங்ஙனம் செய்யக்கூடும் என்பதே இந்தப் பாடத்தின் விஷயமாகும். மாடு உண்பது வீண் என்று சொல்வது நம் நோக்கமன்று. மாட்டுக்கு வேறு தீனி உண்டு; குழந்தைக்கு வேறு நெல் இல்லை என்பதையே சொல்ல வருகிறோம்.

1. நெல்மணியின் அமைப்பு

நெல்மணியின் வெளியே இருப்பது உமி. அது மனிதருக்கு ஆகாரமாகாது, நீக்கவேண்டியதே. உமியை நீக்கியவுடன் தெரிவது மெல்லிய பழுப்புத் தோல் போர்த்த முழு அரிசி. இந்தத் தோலும், மணியின் ஒரு முனையில் சிறு புள்ளிபோல் ஒட்டியிருக்கும் முளையும் சேர்ந்தே தவிடாகின்றன. உள்ளே இருக்கும் வெண்மையான பாகம் பெரும்பாலும் மாப்பொருளே.

மாப்பொருள் உழைப்புக்கு வேண்டிய சக்தியைத் தரும். ஆயின் அந்த மாப்பொருளைத் தேகம் எரித்துச் சக்தியாக்குவதற்கு வேண்டிய தயமின் என்னும் ஜீவசத்தோ தோலிலும் முளையிலுமே மிகுதியாக உள்ளது. அடுப்பில் விறகை நிறைய அடுக்கிவிட்டுத் தீக்குச்சியை வெளியே எறிவதற்கு ஒப்பானது அரிசியைப் பளபளப்பாகத் தீட்டுவது. நார்ச்சத்து, இரும்புச்சத்து, எண்ணெய்ச்சத்து ஆகியவற்றிலும் கணிசமான பாகம் தவிட்டோடு போய்விடுகிறது.

குன்னூரில் தோன்றி 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்ட போஷணை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் வெளியிட்டுவந்த உணவுப் பட்டியலில், 100 கிராம் அரிசியிலுள்ள தயமின் அளவு பின்வருமாறு காணப்படுகிறது:

மில்லில் தீட்டிய பச்சரிசி: 0.06 மில்லிகிராம்
கைக்குத்தல் பச்சரிசி: 0.21 மில்லிகிராம்
மில்லில் தீட்டிய புழுங்கலரிசி: 0.21 மில்லிகிராம்
கைக்குத்தல் புழுங்கலரிசி: 0.27 மில்லிகிராம்

நெல்லின் இனத்துக்கும் தீட்டும் அளவுக்கும் தக்கபடி இவை சற்று மாறும். நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி உண்ணும் உழைப்பாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிகிராம் வரை தயமின் வேண்டும். தீட்டிய பச்சரிசியில் அவருக்குக் கிடைப்பது 0.3 மில்லிகிராம், அதிலும் ஒரு பங்கு கழுநீரோடு போகும். கைக்குத்தல் அரிசியிலோ ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேலாகவே கிடைக்கும். விலை கொடுத்து வாங்கும் வேறு பதார்த்தம் எதுவும் இன்றியே இவ்வளவு வித்தியாசம்!

2. இந்த உண்மை அறியப்பட்ட வரலாறு

பெரிபெரி என்னும் வியாதி ஒரு காலத்தில் அரிசி உண்ணும் நாடுகளில் லக்ஷக்கணக்கானோரை வாட்டியது. கால்கள் மரத்து வலுவிழக்கும். சிலருக்கு உடல் வீங்கும். இருதயம் தளர்ந்து மரணமும் நேரும். நீராவி மில்கள் பரவிய காலத்தில் இந்த வியாதியும் பெருகியது. இது கிருமியால் வருவது என்றே வைத்தியர்கள் முதலில் எண்ணினர்.

ஜாவாத் தீவில் பத்தேவியா நகரத்து இராணுவ ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர் கோழிகளை வளர்த்து ஆராய்ந்துவந்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெண்சோற்றை உண்ட கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. பிறகு வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். அதனால் தீட்டாத அரிசியைப் போட நேர்ந்தது. கோழிகள் தேறி எழுந்தன. இதைக் கவனித்த ஐக்மன், அரிசியின் தோலிலேதான் ஏதோ காக்கும் பொருள் இருக்கிறது என்ற வழியில் தமது ஆராய்ச்சியைச் செலுத்தினார்.

அவருடைய நண்பர் வோர்டர்மன், ஜாவாச் சிறைச்சாலைகளில் இரண்டரை லக்ஷத்துக்கு மேற்பட்ட கைதிகளின் ஆகாரத்தையும் ஆரோக்கியத்தையும் ஒப்பிட்டு 1897-இல் கணக்கு வெளியிட்டார். தீட்டிய அரிசி உண்டவர்களில் 39 பேருக்கு ஒருவர் வீதம் பெரிபெரி கண்டிருந்தது. தீட்டாத அரிசி உண்டவர்களிலோ 10,000 பேருக்கு ஒருவர் வீதமே கண்டிருந்தது. ஐக்மனுக்கு 1929-இல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. தவிட்டிலிருந்து அந்தச் சத்தைத் தனியே பிரித்தெடுத்ததும் அதே பத்தேவியாவில்தான், ஆண்டு 1926.

தமிழருக்கு நேரிடையான சம்பந்தமுள்ள சாட்சியம் மலாய் நாட்டிலிருந்து கிடைக்கிறது. அங்கே ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர், தீட்டிய வெண்பச்சரிசியை உண்டு பெரிபெரியால் பெருவாரியாக மாண்டனர். தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்த வியாதி அரிதாகவே தீண்டியது. தமிழர் உண்டது புழுங்கலரிசி. இந்த வேற்றுமையை பிராடன் என்ற வைத்தியர் 1907-இல் நூலாக எழுதினார். கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பிளெட்சர் என்ற வைத்தியர், விடுதியிலிருந்தோரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியாருக்கு வெண்பச்சரிசியும் மற்றவருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெண்பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் அந்த வியாதியால் ஒருவரும் இறக்கவில்லை. ஒரு சத்தின் அருமையை அறிய இத்தனை உயிர்கள் போயின என்பது வருத்தத்துடன் நினைக்கவேண்டிய விஷயம்.

பழைய சென்னை மாகாணத்திலும் இதே பாடம் காணப்பட்டது. மில்லில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி வேரூன்றியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிதாயிருந்தது.

3. புழுங்கலின் சிறப்பு

நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, நிழலிலும் வெயிலிலும் பதமாகக் காயவைக்கும் முறையை நம் வீட்டுப் பெண்மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். அவர்கள் செய்துவந்தது வெறும் வழக்கமன்று. நீரில் கரையும் சத்துக்கள் ஊறும்போதும் அவியும்போதும் தோலிலிருந்து மணியின் உட்பாகத்துக்குள் இறங்கிவிடுகின்றன. பின்பு மேலே தீட்டினாலும் அவற்றில் பெரும்பங்கு உள்ளே நிற்கும். அவித்ததால் மணி இறுகி, குத்தும்போது நொய் விழுவதும் குறைகிறது.

ஆகவே, இதுவரை சொன்னவற்றிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. தீட்டாத புழுங்கல் உத்தமம். தீட்டாத பச்சரிசியும் அளவாகத் தீட்டிய புழுங்கலும் மத்திமம். இருமுறை தீட்டி மல்லிகைபோல் வெளுத்த பச்சரிசி கடைத்தரம்.  வெண்மைக்காகச் சத்தை இழப்பது எந்தக் கணக்கில் லாபமாகும்?

4. பணத்தின் கணக்கு

ஆரோக்கியத்தைப் பற்றிய பேச்சைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போகிறவர்களும் நெல்லின் கணக்கைக் கவனிக்கவேண்டும். 100 கிலோ நெல்லை உமி மட்டும் நீக்கினால் சுமார் 77 கிலோ தீட்டாத அரிசி கிடைக்கும். அதையே நன்றாகத் தீட்டினால் நொய்யும் சேர்த்துச் சுமார் 68 கிலோவே மிஞ்சும். இனத்தையும் யந்திரத்தையும் பொறுத்து இது ஒன்றிரண்டு கிலோ ஏறலாம், இறங்கலாம்.

மாதம் 50 கிலோ, ஆண்டுக்கு 600 கிலோ அரிசி செலவாகும் குடும்பத்துக்குத் தீட்டிய அரிசியாயின் சுமார் 880 கிலோ நெல் வேண்டும். தீட்டாத அரிசியாயின் சுமார் 780 கிலோ போதும். ஆண்டுக்கு 100 கிலோ நெல் மிச்சம். இருபது குடும்பங்கள் சேர்ந்தால் இரண்டு டன் நெல்! தவிட்டுக்கும் விலை உண்டு, அதைக் கழிக்கவேண்டும் என்று சிலர் சொல்வர், சொல்வது நியாயமே. கழித்தாலும், தவிட்டின் விலை நெல்லின் சத்துக்கு ஈடாகுமா என்பதை ஒவ்வொருவரும் தம் ஊர் விலையை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

5. சொல்லப்படும் ஆட்சேபங்கள்

முதலாவது, “சோறு வெண்மையாயில்லை, விருந்தினர் முன் வைக்கக் கூச்சமாயிருக்கிறது” என்பது. இது நாவின் ஆட்சேபமன்று, கண்ணின் ஆட்சேபமே. கண் பழகச் சில வாரங்கள் செல்லும். முதலில் பாதிக்குப் பாதி கலந்து சமைக்கலாம். அல்லது நாளில் ஒரு வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, “வேக நேரமாகிறது, விறகு அதிகம் செலவாகிறது” என்பது. இது உண்மையே. தோல் இருப்பதால் நீர் உள்ளே செல்லத் தாமதமாகும். ஓரிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரிலேயே உலையேற்றினால் நேரமும் விறகும் மிச்சமாகும். நீரில் இறங்கிய சத்தும் வீண்போகாது. சோறும் சற்றுக் கெட்டியாகவே இருக்கும், மென்று உண்ணவேண்டும். பல்லில்லாத முதியோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் குழைய வேகவைத்துக் கொடுப்பது நலம்.

மூன்றாவது, “பூச்சி விழுகிறது, சிக்கு நாற்றம் அடிக்கிறது” என்பது. இதுவும் உண்மையே. தவிட்டில் எண்ணெய் இருப்பதால், உமி நீங்கியபின் சில வாரங்களில் அது கெடத் தொடங்கும். நெல்லாக இருக்கும்வரை உமி அதைக் காக்கும். ஆதலின் நெல்லாகவே சேமித்து, பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் உமி நீக்கிக்கொள்வதே இதற்குப் பரிகாரம்.

நான்காவது ஆட்சேபம் பெண்களுடையது. அதுவே மிகவும் கனமானது. “மறுபடியும் எங்களை உரலுக்கும் உலக்கைக்கும் அனுப்பப் பார்க்கிறீர்களா?” என்று அவர்கள் கேட்டால் நாம் வெட்கத்துடன் தலைகுனியவேண்டும். விடியற்காலையில் எழுந்து நெல் குத்திய தாய்மாரின் தோள்வலியை எந்தப் பட்டியலும் கணக்கிட்டதில்லை. மில் வந்ததும் அவர்களுக்கு ஒரு விடுதலை கிடைத்தது என்பதை மறுக்கலாகாது. ஆனால் குற்றம் யந்திரத்தினுடையதன்று. அதை எவ்வளவு ஓட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. ரப்பர் உருளை யந்திரம் உமியை மட்டும் நீக்கி முழு அரிசியைத் தந்துவிடும். அதன்பின் தீட்டும் யந்திரத்தில் போடாமல் நிறுத்திவிட்டால் போதும். உலக்கையைத் தூக்காமலேயே கைக்குத்தலின் பலன் கைகூடும்.

தீட்டாத அரிசி எல்லா நோய்க்கும் மருந்தென்று நாம் கூறவில்லை. பருப்பு, கீரை, காய், மோர் ஆகியவை இன்றி எந்த அரிசியும் முழு ஆகாரமாகாது. பலவகை உணவு கிடைக்கும் இக்காலத்தில் பெரிபெரி நம் கிராமங்களில் அரிதாகிவிட்டது. ஆனால் நீரிழிவும் மலச்சிக்கலும் வீடுதோறும் நுழைந்திருக்கின்றன. நார்ச்சத்துள்ள முழு அரிசி, வெண்சோற்றைவிட மெதுவாக ஜீரணமாகி, இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாமல் தடுக்க உதவும். எனினும் அளவின்றி உண்டால் அதுவும் பயன்படாது. வியாதியுள்ளவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்டே ஆகாரத்தை மாற்றவேண்டும்.

6. சங்கம் ஏன் வேண்டும்?

ஒரு குடும்பத்தார் மட்டும் மில்லுக்குச் சென்று, “எங்கள் இரண்டு மூட்டையைத் தீட்டாமல் கொடுங்கள்” என்றால் மில்காரர் இசைவது கடினம். யந்திரத்தை நிறுத்தி, பாதையை மாற்றி, இரண்டு மூட்டைக்காகத் தனியே ஓட்ட அவருக்குக் கட்டுப்படியாகாது. சில ஊர்களில் தவிட்டையே அரைவைக் கூலிக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அங்கே தவிடு வராத அரிசியை அரைக்க யார் முன்வருவார்? கடையில் வாங்கலாமென்றாலோ, தீட்டாத அரிசி குறைவாக விற்பதால் கடைக்காரர் அதற்கு அதிக விலை வைக்கிறார். நாள்பட்டுச் சிக்கு நாற்றமும் சேர்ந்துவிடுகிறது. வேலை குறைந்த பொருளுக்கு விலை கூடுகிறது, வாங்குவோர் குறைகிறார்கள், குறைந்ததால் விலை மேலும் ஏறுகிறது.

இந்த வளையத்தைத் தனியொருவரால் உடைக்க இயலாது. இருபது குடும்பங்கள் ஒன்று சேர்ந்தால் உடைக்கலாம். அதற்கான முறைகள் வருமாறு:

முதலில், விருப்பமுள்ள குடும்பங்களின் பெயரையும் மாதத் தேவையையும் ஒரு புத்தகத்தில் பதியவேண்டும். வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்டு எழுதாமல், சமைப்பவரின் சம்மதத்தையும் பெறவேண்டும்.

இரண்டாவதாக, அறுவடைக் காலத்தில் அங்கத்தினர்களிடமே நல்ல காய்ந்த நெல்லை வாங்கிச் சங்கக் கிடங்கில் ஈரம் படாமல் சேமிக்கவேண்டும். கூடியவரையில் புழுங்கலாக்கும் வசதியையும் பார்த்துக்கொள்வது நன்று.

மூன்றாவதாக, மாதம் இருமுறை ஒரு நாளை நிச்சயித்து, அன்று உமி மட்டும் நீக்கித் தரும்படி மில்காரருடன் ஒப்பந்தம் செய்யவேண்டும். கூலியைப் பணமாகவே பேசி முடிக்கவேண்டும். அவருக்கும் நியாயமான வரும்படி இருந்தால்தான் ஏற்பாடு நிலைக்கும்.

நான்காவதாக, அரைத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் அரிசியை விநியோகித்து, கணக்கைச் சங்கப் பலகையில் எழுதி ஒட்டவேண்டும்.

ஐந்தாவதாக, அரிசி உண்மையில் தீட்டாததுதானா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். நிறத்தை மட்டும் நம்பலாகாது. சிவப்பு இன நெல்லும் உண்டு, அதையும் தீட்டுவார்கள். ஒரு பிடி அரிசியை வெள்ளைத் துணியில் பரப்பி மணிகளின் முனையைப் பாருங்கள். முளை ஒட்டியிருந்தால் தீட்டாதது. முளையிருந்த இடத்தில் சிறு பள்ளம் மட்டும் இருந்தால் தீட்டியது.

7. இன்றே தொடங்கக்கூடியவை

சங்க ஏற்பாடு முடியச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை செலவின்றிச் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. அரிசியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவாமல், கல்லும் தூசியும் போகும்படி ஒருமுறை அலசினால் போதும். உலைநீரை அளவாக வைத்து, கஞ்சி வடிக்காமல் பொங்கலாம். வடிக்கும் வழக்கமுள்ளவர்கள் கஞ்சியை உப்பிட்டுக் குடிக்கலாம். பச்சரிசி வாங்குகிறவர்கள் புழுங்கலுக்கு மாறலாம். வாரத்தில் சில வேளைகள் கேழ்வரகு, கம்பு, சாமை இவற்றைச் சேர்க்கலாம். கேழ்வரகை அரைத்தபின் சலித்துத் தோலை எறியாமல் முழுமாவாகவே கூழோ களியோ செய்யலாம். மைதாப் பண்டங்களையும் பொட்டலத்தில் வரும் தின்பண்டங்களையும் குழந்தைகளுக்கு வாங்கும் காசில், வேர்க்கடலையும் அவித்த பயறும் வாங்கிக் கொடுக்கலாம். மைதாவும் ஒருவகையில் தீட்டிய தானியமே. கோதுமையின் தவிடும் முளையும் நீங்கிய மாவுதான் அது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு சிறு பரீக்ஷை செய்து பார்க்கும்படி வேண்டுகிறோம். ஒரே நெல்லைத் தீட்டியும் தீட்டாமலும் எடுத்து, இரண்டு பானையில் சமைத்து, ஒரே குழம்புடன் எல்லோருக்கும் பரிமாறுங்கள். பிரசங்கம் எதுவும் வேண்டாம். வயலில் உழைத்து வந்தவர்கள் உண்ணட்டும். எது நெடுநேரம் பசி தாங்கியது என்பதை மறுநாள் அவர்களே சொல்லட்டும். அதன்பின் புத்தகத்தில் பெயர் பதியத் தொடங்கலாம்.

நெல்லை விளைவிப்பதற்கு நாம் படும் பாடு யாவருக்கும் தெரியும். நாற்று விட்டு, களையெடுத்து, நீர் பாய்ச்சி, பூச்சியும் மழையும் போனது போக வீடு சேரும் மணியில், கடைசி நிமிஷத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூலி கொடுத்து நீக்கிவிட்டு வருகிறோம். அந்தப் பங்கை வீட்டுக்குக் கொண்டுவர மழை வேண்டியதில்லை, எருவும் வேண்டியதில்லை. அங்கத்தினர்களின் ஒற்றுமை ஒன்றே வேண்டும்.

கூடி ஆலோசிக்கவேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் ஆண்டுக்கு எத்தனை மூட்டை நெல் வீட்டுச் செலவுக்காக அரைக்கப்படுகிறது? அதில் நீங்கும் தவிடு எவ்வளவு, அது யாரிடம் சேருகிறது?

2. அருகிலுள்ள மில்களில் உமி மட்டும் நீக்கித் தரும் வசதி எதில் உண்டு? கூலி என்ன?

3. புழுங்கலரிசி உண்டவரைப் பெரிபெரி அணுகாததற்குக் காரணம் என்ன?

4. தீட்டாத அரிசியைப் பதினைந்து நாளைக்கு மேல் சேமித்து வைப்பது ஏன் உசிதமன்று?

5. இந்த மாறுதலால் நம் வீட்டுப் பெண்களுக்கு வேலை கூடுமா, குறையுமா? கூடுமாயின் அதைப் பகிர்ந்துகொள்ளும் வழி யாது? இந்த வினாவுக்கு விடையைப் பெண் அங்கத்தினர்களே முதலில் சொல்லவேண்டும்.